உள்பானைக்கு இருபத்தாறு நாள்

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். முதலில் நெஞ்சுக்குழியில் ஒரு பதற்றம். அடுத்த நிமிஷம் கழுத்து, காது, உச்சந்தலை எல்லாம் காந்தும். ரவிக்கை முதுகோடு ஒட்டும். பிறகு அப்படியே குளிர்ந்து நடுக்கம் எடுக்கும். இதற்கு நடுவில் யார் என் எதிரில் வந்து நின்றாலும் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். நான் பிறந்ததிலிருந்தே வாய்க்காரி, அதை மறைக்கவில்லை. ஆனால் திட்டி முடித்த பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுகிற பழக்கம் எனக்கு முன்னே கிடையாது.

டிராம் வண்டி நின்றதற்கு மறு வருஷம் அது. எனக்கு நாற்பத்தெட்டு வயசு. வீட்டுக்காரர் மாசானத்துக்கு ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் கருப்பட்டியும் வற்றலும் மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் வீடு. சாத்தான்குளத்திலிருந்து கல்யாணமாகி வந்து முப்பது வருஷம் அந்த மாடிப்படியில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

மாசி மாசத்தில் ஒரு நாள், பத்து வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் மணலிக்காரர் ஒருவர் கருப்பட்டி ஈரமாக இருக்கிறது என்று கடையில் சொன்னது என் காதில் விழுந்தது. உடம்பு காந்திக்கொண்டிருந்த நேரம். படியிறங்கிப் போய், வயசில் மூத்த மனுஷரை, கடைத்தெரு பார்க்க, என்னென்னவோ கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் இவர் ஜட்கா வண்டி பிடித்து, லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் ரோஸ்மேரி எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான், நாசரேத்துக்காரி. மார்பு, வயிறு, ரத்தக் கொதிப்பு எல்லாம் பொறுமையாகப் பார்த்தாள். இது நோயில்லை, மாதவிலக்கு நிற்கிற காலத்தில் பெண்ணுக்குள் ஊறுகிற ஒரு சத்து வற்றிப்போகிறது, அதனால்தான் காந்தலும் தூக்கமில்லாமையும் இந்தக் கோபமும் என்றாள். அதற்கு ஹார்மோன் என்று பேர், வற்றினதை இப்போது மாத்திரையாகவே கொடுக்கலாம், சீமையிலிருந்து வருகிறது என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழெட்டு மாசமாக, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தொரு மாத்திரை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதல் வாரம் குமட்டும், பத்து நாளுக்கு மேல்தான் குணம் தெரியும். மூன்று வாரம் முடிந்ததும் ஒரு வாரம் நிறுத்த வேண்டும். இதெல்லாம் சொல்லிவிட்டு, "நிறுத்துற வாரத்துல பழையபடி உதிரம் வரும்க்கா, பயந்துராதீங்க" என்றாள். நான் கையிலிருந்த பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இது புது மருந்து, வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பின்னால் உடம்பை என்ன செய்யும் என்று தனக்கே நிச்சயமாகத் தெரியாது, அதனால் கட்டாயப்படுத்தமாட்டேன், யோசித்து நீங்களே முடிவெடுங்கள் என்றாள். மேஜைமேல் இருந்த பொட்டலத்தை இவர் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நான் அதை வாங்கிக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

பின்னால் என்ன செய்யுமோ என்கிற பயத்தில் அதை வைக்கவில்லை. உதிரம் வரும் என்றாளே, அதற்காக வைத்தேன். அதற்கு எங்கள் கோயில் கதையைச் சொல்ல வேண்டும்.

பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து, திருவொற்றியூர் மணல்வெளியில் இசக்கியம்மனுக்கு ஒரு சின்னக் கோயில் கட்டியிருந்தார்கள். பிள்ளையைச் சுமந்தபடி செத்துத் தெய்வமானவள் அவள். எனக்கும் அவள் பேர்தான். பங்குனி கடைசிச் செவ்வாய் அவளுக்குக் கொடை, வருஷத் திருவிழா. வெளியே மணலில் இருபது முப்பது பானை பொங்கும். உள்ளே, அவள் முகத்துக்கு நேராக, ஒரே ஒரு பானை. அதுதான் உள்பானை. அதை வைக்கிறவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்க வேண்டும், தீட்டு நின்று ஒரு வருஷம் முழுசாக ஆகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமைகிறவள் எத்தனை பேர்? பால் பொங்கி வழிகிற நேரத்தில் அவள் அம்மனிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம், அது தவறாது என்று பேச்சு.

உள்பானை ஒரு வருஷமும் நின்றதில்லை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வாரத்தில்கூட, சீனியம்மாள் மதினி புருஷனோடு அந்த மணலில் தனியாக நின்று பானை வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினாள். பன்னிரண்டு வருஷமாக அவள்தான் வைத்துக்கொண்டிருந்தாள். போன ஐப்பசியில் அவள் புருஷன் தவறிவிட்டார். அடுத்து யார் என்று எங்கள் ஆட்களின் சங்கத்தில் எண்ணிப் பார்த்தால், முப்பது வீட்டில் நான் ஒருத்திதான். எனக்கு மாசியோடு ஒரு வருஷம் முடிந்திருந்தது.

என்ன கேட்கப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் ஒரே மகள் ஜெயக்கொடிக்கு முதல் பிள்ளை நாலாம் மாசத்தில் கலைந்தது. அடுத்தது எட்டாம் மாசத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கினவள் நான். இப்போது மூன்றாவது. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்திரையில் பிரசவம். கொடை முடிந்து பத்து நாளில். நான் பானை வைத்துக் கேட்டுவிட்டால் பிள்ளை நிற்கும் என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை, கழுத்தில் கிடக்கிற தாலியைப் போல நம்பினேன்.

அப்படியிருக்க, பன்னிரண்டு மாசம் நின்றதை ஒரு மாத்திரையைத் தின்று நானே வரவழைப்பேனா?

இவருக்கு இதிலும் வியாபார மூளைதான். "ஏட்டி, மருந்தால வர்றது எப்படித் தீட்டாகும்? அது தானா வர்றதுல்லா தீட்டு?" என்றார். யாருக்கும் சொல்ல வேண்டாம், மாத்திரையும் போடு, பானையும் வை என்று யோசனை வேறு. எனக்கு வந்ததே கோபம். சங்கத்துக்காரர்களை ஏமாற்றலாம், உள்ளே இருக்கிறவளிடம் போய் எந்த முகத்தோடு நின்று பிள்ளையைக் கேட்பது என்று கத்தினேன். கொடை முடிந்த பிறகு சாப்பிட்டுக்கொள்கிறேன், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன் என்றேன். ஜெயக்கொடி சுவரோரம் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கிற பார்வையில் பயம் இருந்தது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொடைக்கு இருபத்தேழு நாள் இருந்தபோது அது நடந்தது.

தினமும் காலையில் அவளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். தவலையில் கொதிக்கிற வெந்நீரை அண்டாவில் கொட்டி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, கையை விட்டுப் பதம் பார்ப்பேன். எங்கள் வீடுகளில் இதற்கு வேறு அளவு கிடையாது, ஊற்றுகிறவள் கைதான் அளவு. அன்றைக்கு விளாவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சுக்குழியில் ஆரம்பித்துவிட்டது. கை, முகம், காது எல்லாம் காந்தியது. தண்ணீரில் கையை விட்டேன். சூடு தண்ணீரிலா, என்னிடமா என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. என் உடம்புதான் கொதிக்கிறது, தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். சொம்பு நிறைய மோந்து அவள் தோளில் ஊற்றினேன்.

அவள் கத்தவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு அப்படியே முன்னால் குனிந்தாள். இடது தோளிலிருந்து முதுகுவரை செக்கச்செவேலென்று ஏறியது. நான் சொம்பைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். வீட்டு வேலைக்கு வரும் காசிமேட்டுக் கெங்கம்மாதான் ஓடிவந்து பச்சைத் தண்ணீரை மோந்து மோந்து ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் தோளில் எட்டணாக் காசு அளவுக்கு மூன்று கொப்புளம். டாக்டரம்மா வந்து பார்த்து, வயிற்றில் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றாள். எனக்கு அதற்குப் பிறகுதான் கால் தரையில் நின்றது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் எண்ணெய் தடவப் போனேன். ஜெயக்கொடி தோளைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாள்.

"அம்மா, நாளையிலருந்து கெங்கம்மா ஊத்தட்டும்" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளை பெறந்தாலும் அவளே ஊத்தட்டும்மா" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பிறந்த குழந்தையைக் காலை நீட்டிக் கணுக்காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, புருவம் வழித்து எடுக்கிற வேலை தாயைப் பெற்றவளுடையது. அதற்காகத்தான் மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறாள். என் மகள் அந்தக் கையை வேண்டாம் என்கிறாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கெங்கம்மா கையைக் கழுவிவிட்டு வந்தாள். "எனுக்கும் இப்டித்தாம்மா எரிஞ்சிகினு இருந்துச்சு. கடலாண்ட போயி ஈர மணல்ல குந்திகினு கெடந்தேன். அது நம்ம கைல இல்ல. ஆனா பாப்பா உன்ன பாத்து பயந்துகினு கீது, அத்த பாரு" என்றாள். ஒரு வேலைக்காரி எனக்குப் புத்தி சொல்வதா என்று வேறொரு நாளாக இருந்தால் குதித்திருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறித் திருவொற்றியூருக்குச் சீனியம்மாள் மதினியைப் பார்க்கப் போனேன். வெறும் நெற்றியோடு அவளைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். மருந்தால் வருகிற உதிரத்துக்குத் தீட்டு உண்டா என்றும் கேட்டேன். அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"எதனால வந்துதுன்னு அம்மன் கேக்கமாட்டா, இசக்கி. வந்துதா இல்லியா, அம்புட்டுதான்" என்றாள் மதினி.

அப்படியானால் கொடை முடிகிறவரை பொறுத்துக்கொள்கிறேன், பிள்ளைக்காகத்தானே என்றேன். பொறுத்துக்கொள்வது நானா, ஜெயக்கொடியா என்று கேட்டாள். கொடை முடிந்து பத்தாம் நாள் பிரசவம். மருந்து வேலை செய்யவே பத்து நாளுக்கு மேல் ஆகும். அப்புறம் எந்தக் கையால் பேரப்பிள்ளையை வாங்குவாய் என்றும் கேட்டாள்.

பிறகு நான், நீங்கள் முதல் வருஷம் என்ன கேட்டீர்கள் மதினி என்றேன். உள்பானை வைக்கிறவளிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"எம்மவன் ரங்கூன்ல இருந்தாம்லா. அவன் வரணும்னு கேட்டேன்."

அவள் மூத்த மகன் ரங்கூனில் ஒரு மரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். யுத்தத்தில் எல்லாரும் நடந்தே தப்பி வந்தார்களே, அந்தக் காட்டு வழியில் வந்தவர்களில் அவன் இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

"பானை நல்லாத்தான் பொங்குச்சு. கிழக்காம பாத்து வழிஞ்சுது. பன்னெண்டு வருசமும் அதையேதான் கேட்டேன்" என்றாள்.

அப்படியென்றால் ஏன் விடாமல் வைத்தீர்கள் என்று கேட்டேன். அவன் செத்துப்போனான் என்று சொந்தத்தில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்களாம். வீட்டில் அவன் பேரை எடுத்தாலே புருஷன் எழுந்து போய்விடுவாராம். உள்பானை முன்னால் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவன் பேரை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது என்றாள். சொல்லிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போனாள். என்ன செய் என்று கடைசிவரை அவள் எனக்குச் சொல்லவில்லை.

நான் திரும்பி வந்தபோது கெங்கம்மா தண்ணீர் ஊற்றி முடித்து ஜெயக்கொடிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்லி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் என் மகள் சிரிப்பை நிறுத்தினாள்.

அன்று ராத்திரி கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். கொடைக்கு இருபத்தாறு நாள். மாத்திரை உளுந்தம்பருப்பு அளவுக்குத்தான் இருந்தது. கையில் வைத்துக்கொண்டு, இவரிடம் சங்கத்தில் சொல்லிவிடுங்கள், இந்த வருஷம் உள்பானைக்கு ஆள் கிடையாது என்றேன். இவர் முகம் சுண்டிப்போயிற்று.

"பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன்னத்தான் சொல்லுவாவ, தெரியும்லா?"

"சொல்லட்டும். அவ தோளைப் பாத்தீங்களா நீங்க? அதுக்கு மேல என்ன யாரும் ஒண்ணும் சொல்லிர முடியாது."

விழுங்கிவிட்டேன். விழுங்கின பிறகு, இந்தச் சத்தியக்காரித்தனத்தால் என் பேரப்பிள்ளையை நானே கொன்றுவிட்டேனோ என்று நினைப்பு வந்தது. விடிய விடிய அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

முதல் வாரம் டாக்டரம்மா சொன்னபடியே குமட்டல். சோற்றைக் கண்டாலே புரட்டியது. மகளும் நானும் மாறி மாறி எலுமிச்சங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யாருக்கும்மா மசக்கை என்று கெங்கம்மா கேலி செய்தாள். அது போகட்டும், வீடு தேடி வந்த எங்கள் பெண்டுகள் கேட்டதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. குண்டு விழுகிற நேரத்திலேயே நிற்காத பானை உன்னால் நின்றுபோகிறதே, இந்த வயசில் உனக்கு இதென்ன ஆசை, திரும்பவும் குமரியாகப்போகிறாயா என்றாள் ஒருத்தி. எல்லாரும் பேசிக்கொண்டே ஜெயக்கொடியின் வயிற்றைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காக அவர்களைப் படியில் உருட்டிவிடலாம் போல இருந்தது. உருட்டவில்லை.

பதினைந்தாம் நாள் விடிந்து எழுந்தபோது தலையணை ஈரமில்லாமல் இருந்தது. ராத்திரி நடுவில் ஒரு தடவைகூட எழவில்லை என்பது பல் துலக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு காந்தல் வந்தது, ஆனால் இரண்டு தடவை, ஒரு தடவை என்று குறைந்தது. மணலிக்காரர் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுஷர் பெரிய மனசு பண்ணிக் காப்பி கொடுத்தார்.

இருபத்தோராம் மாத்திரையோடு நிறுத்தினேன். மூன்றாம் நாள், சனிக்கிழமை, உதிரம் வந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஒரு வருஷம் சேர்த்து வைத்தது அந்தத் துணியில் போயிற்று.

செவ்வாய்க்கிழமை தெருவில் பாதி வீடு திருவொற்றியூருக்கு வண்டி கட்டிப் போனது. இவரும் தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு போனார். நான் வீட்டுக்குத் தூரமாகி, பின்கட்டில் தனியாகப் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் வெளியே பானைகள் ஏற்றியிருப்பார்கள், உள்ளே அவள் முகத்துக்கு முன்னால் தரை வெறுமையாகக் கிடக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்ததற்காக நீ என் மகளை வஞ்சம் தீர்க்காதே என்று அங்கிருந்தே அவளிடம் சொன்னேன். கெஞ்சினேனா, சண்டை போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

கெங்கம்மா அன்றைக்கு வரவில்லை. ஜெயக்கொடி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்து என் எதிரில் நின்றாள். கையில் சீயக்காய்க் கிண்ணம்.

"அம்மா, எந்திரி. நீ ஊத்து."

நான் தூரம் என்றேன். தொடக்கூடாது, அதுவும் கொடையன்றைக்கு, அதுவும் நிறைமாசக்காரியை என்றேன். அவள் கேட்கவில்லை.

"நீ தூரமானது எனக்காகத்தான?" என்றாள். மணையைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோள் சீலையை இறக்கினாள். மூன்று கொப்புளமும் வற்றி, புதுத்தோல் வெளுப்பாகத் தெரிந்தது.

எழுந்தேன். தவலையிலிருந்து வெந்நீரைக் கொட்டிப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினேன். கையை உள்ளே விட்டேன். ஒரு தடவை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டேன். சூடு தண்ணீரில் மட்டும்தான் இருந்தது. அப்படியும் நம்பிக்கை வராமல் இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் சேர்த்தேன்.

முதல் சொம்பை அவள் காலில் ஊற்றினேன். அவள் உடம்பு இறுகி, பிறகு தளர்ந்தது. வயிற்றில் பக்கவாட்டில் ஒரு சின்ன மேடு எழுந்து அமுங்கியதை நான் பார்த்தேன். இன்னும் பத்து நாள் இருந்தது, என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பயம் இருந்தது, ஆனால் காந்தல் இல்லை.

"உள்பானை வச்சிருந்தா என்னம்மா கேட்டிருப்ப?" என்றாள் ஜெயக்கொடி.

"அதெல்லாம் கேக்கக்கூடாது. கண்ணுல சீயக்கா போகும், வாயை மூடிட்டுக் குனி" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது சொம்பை மோந்தேன்.